சீனருக்கு மட்டும்

ரமணி இப்போதெல்லாம் பாலத்தைப் பாலம் என்று சொல்வதில்லை. ‘அது’ என்கிறாள். “இனிமே அதுல நீங்க மோட்டார் ஓட்டுற பேச்சே கிடையாது” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கணவனிடம் சொல்லிவிட்டாள். தோளில் கட்டோடு படுத்திருந்த குணாளன் அப்போது சரி என்றான். மருந்து மயக்கத்தில் சொன்ன சரியெல்லாம் செல்லாது என்று பிறகு வாதாடிப் பார்த்தான். ரமணியிடமா? நடக்கிற காரியமா அது?

விஷயம் இதுதான். வீடு மலேசியப் பெருநிலத்தில், நிபோங் திபாலில். குணாளனுக்கு வேலை எதிரே பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில். நடுவே இரண்டாம் பாலம், கடலுக்கு மேலேயே பதினேழு கிலோமீட்டர். ஒன்பது வருஷமாக அதில் மோட்டார் சைக்கிளில் போய் வந்தவன்தான். பைராம் தோட்டத்தில் பிறந்து, செம்மண் பாதையில் மோட்டார் ஓட்டக் கற்றவன். காற்றுக்கும் மழைக்கும் பயப்படுகிற ஆளில்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேர வேலை முடித்துவிட்டு வரும்போது, காலை ஏழு மணிக்கு ஒரு தூக்கம் வருமே, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? கண் ஒரு நொடி மூடியது. திறந்தபோது பாலத்தின் ஓரச் சுவரோடு சுவராகக் கிடந்தான். மோட்டார் இருபதடி தள்ளிக் கிடந்தது. காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று. பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

ஒன்றாம் தேதி அவன் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். ஆலையின் பஸ் தீவுக்குள்தான் ஓடும், இந்தப் பக்கம் வராது. ஆகவே ஒன்றாம் தேதிக்குள் தீவில் ஒரு வீடு பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி மோட்டார், மறுபடி ‘அது’. ரமணியின் கையில் பதினாறு நாள் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, ரமணி லேசுப்பட்டவள் இல்லை. பத்தொன்பது வயதில் நிபோங் திபால் கடைத்தெருவில் ஒரு சீனர் இரும்புக்கடையில் பில் எழுதச் சேர்ந்தவள், இருபது வருஷத்தில் அந்தக் கடையையே நடத்துகிற அளவுக்கு வந்துவிட்டாள். எந்தப் பூட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று முதலாளியான தவுக்கேக்கே அவள்தான் சொல்ல வேண்டும். கடைக்கு வருகிற மீனவர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் ஹொக்கியன் என்கிற சீன பாஷைதான் பேசுவார்கள். அவர்களோடு பேரம் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, அவளுடைய ஹொக்கியன் அதிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் ஹொக்கியனாக ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ ஒரு சீனத்து அக்காள் பேசுகிறாள் என்றுதான் தோன்றும். ரமணி என்று சொல்ல வாய் வராத தவுக்கே அவளை ‘ஆ நீ’ என்பார். கடைத்தெருவில் பாதிப் பேருக்கு அவள் ஆ நீதான்.

தீவுக்குக் குடி போகிறேன் என்று அவள் சொன்னதும் தவுக்கேயின் முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் மனுஷன் நல்லவர். தீவில் கடை வைத்திருக்கிற தன் தம்பிக்கு உடனே போன் போட்டு, என் வலது கையை அனுப்புகிறேன், பத்திரமாக வைத்துக்கொள் என்றார். வீடு தேடுவதற்குக் கடை வேனையும் கொடுத்தார்.

முதல் வாரம் தீவையே ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மகள் அதிராவுக்குப் பதினாலு வயது. அவள் போனில் வீடுகளைத் தேடிக் கொடுப்பாள், ரமணி வேனை ஓட்டுவாள், குணாளன் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வான்.

பாலிக் புலாவ் மட்டும் அவனுக்குப் பிடித்துவிட்டது. டுரியான் தோட்டமும் ஜாதிக்காய் மரமுமாக அப்படி ஒரு குளிர்ச்சி. வாடகையும் மலிவு. “ரமணி, இங்கயே இருந்துடலாம் லா. தோட்டத்துக்கே திரும்பி வந்த மாதிரி இருக்கு” என்றான். மலைப்பாதையில் வேனை வளைத்து வளைத்து ஏற்றி இறக்கிய கடுப்பில் இருந்தாள் ரமணி. “எத்தன வளைவுன்னு எண்ணினீங்களா? இதுல தூங்கி விழுந்தா புடிச்சுக்கச் சுவர்கூடக் கிடையாது” என்றாள். பாலிக் புலாவ் அத்தோடு முடிந்தது.

ஆலைக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடி வீடுகள் இருந்தன. வாசலில் காவலாளி, உள்ளே நீச்சல் குளம், பளபளவென்று தரை. ரமணி லிஃப்டுக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று பார்த்தாள். ஏழு பேர் போனார்கள், வந்தார்கள். ஒருத்தராவது இன்னொருத்தர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாதத்தில் பாதி நாள் குணாளனுக்கு இரவு வேலை. தானும் பிள்ளையும் தனியாக இருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில், ஏன் என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? வேனைத் திருப்பிவிட்டாள்.

மற்ற வீடுகளின் கதை போனிலேயே முடிந்துவிடும். வீடு காலிதான் என்பார்கள். எத்தனை பேர் என்பார்கள். பெயரென்ன என்பார்கள். ரமணி என்றதும் குரல் மாறிவிடும். “சாரி லா, ஓனர் இப்பத்தான் வேற ஆளுக்குக் குடுத்துட்டாராம்.” ஒரே வாரத்தில் ஒன்பது ஓனர்கள் இப்பத்தான் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாவது போனை வைத்துவிட்டு ரமணி வேனின் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதால் குணாளன் மோட்டார் பேச்சை எடுப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜெலுத்தோங்குக்கு வந்தார்கள். வீடு பார்க்கக்கூட இல்லை, பசி. பாசாரில், அதுதான் சந்தையில், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வேனை நிறுத்தினார்கள். அடேயப்பா, அது என்ன பாசார்! கடைகள் கட்டடத்துக்குள் அடங்காமல் தெருவில் வழிந்து கிடந்தன. கீரைக்காரச் சீனக் கிழவி மலாய்க்காரப் பெண்ணிடம் மலாயில் விலை சொல்லி, அவள் போனதும் ரமணியைப் பார்த்து “முருங்கக்கீர, அம்மா, புதுசு” என்று தமிழில் கூப்பிட்டாள். தேங்காய்ப்பால் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தவர் ஒரே மூச்சில் மூன்று பாஷையில் மூன்று பேருக்குப் பதில் சொன்னார். அதிரா சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் பிள்ளை சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆப்பப் பொட்டலத்தோடு பின்பக்கத்து லோரோங் சந்து ஒன்றில் நுழைந்தார்கள். இரண்டு பக்கமும் பழைய வரிசை வீடுகள், வாசலில் செடித் தொட்டிகள், ஒரு வீட்டில் ஊதுபத்தி மாடம், அடுத்த வீட்டில் மாவிலைத் தோரணம், அதற்கடுத்த வீட்டுக் கொடியில் தொழுகைப் பாய். நாற்காலிகள் ஏற்றி வந்த ஒரு லாரி அந்த முக்கில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டு நின்றது. ரமணி நின்றாள். ஹாரன் அடிப்பார்கள், திட்டுவார்கள், வேடிக்கை பார்ப்போம் என்று நின்றாள். ஒரு ஹாரன்கூடக் கேட்கவில்லை. மூன்று வீட்டுக் கதவு திறந்தது. கைலி கட்டிய ஒருவர் தன் கெரேத்தா காரை ஸ்டார்ட் செய்து பின்னால் எடுத்தார். ஓர் அம்மாள் செடித் தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்தாள். பனியன் போட்ட சீனத் தாத்தா ஒருவர் நடுத்தெருவில் நின்று கையைக் காட்டிக் காட்டி லாரியைத் திருப்பிவிட்டார். லாரி போனதும் எல்லாரும் சிரித்துக்கொண்டே அவரவர் சாமானைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

“இங்கதாங்க” என்றாள் ரமணி. “இந்தத் தெருதான்.”

“வீடு இருக்கான்னே தெரியாது, அதுக்குள்ள தெருவா?” என்றான் குணாளன். ஆனால் அவன் கண்ணும் தெருமுனையில்தான் இருந்தது. அங்கே, பெரிய சாலையில், அவனுடைய ஆலை பஸ் நிற்கிற இடம். நடந்தால் மூன்று நிமிஷம்.

அப்போதுதான் அதிரா அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். பனியன் தாத்தாவின் வீட்டுக்கு அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வீடு வாடகைக்கு. சீனருக்கு மட்டும். பீ. அந்தப் பெயருக்குக் கீழே ஒரு போன் நம்பர்.

இந்த மாதிரி வரிகளைப் படித்துப் படித்து நம் ஆட்களுக்குத் தோல் தடித்துத்தான் போயிருக்கிறது. அன்றைக்கு ரமணிக்கு என்னவோ சுருக்கென்று குத்தியது. இவ்வளவு நல்ல தெருவிலுமா? குணாளன் “வா, போலாம்” என்று நடக்க ஆரம்பித்துவிட்டான். ரமணி அசையவில்லை. போனை எடுத்து நம்பரை அழுத்தினாள்.

“என்ன பண்ற?”

“ஹொக்கியன்ல பேசப் போறேன்.”

“நாம யாருன்னு மறைச்சா? நேர்ல வந்தா மூஞ்சி தெரியாதா?”

“நான் மறைக்கல. அவங்க கேட்டா சொல்வேன். மொதல்ல என் பேச்சக் கேக்கட்டும். பேசிப் பழகிட்டா, அப்புறம் மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்ல வாய் வராதுங்க.”

அந்தப் பக்கம் போன் எடுத்தார்கள். “வெய்?” என்றது ஒரு பெண்குரல். வயதான, கணீரென்ற குரல். ரமணி ஹொக்கியனில் ஆரம்பித்தாள். வீடு பார்த்தேன், பிடித்திருக்கிறது, மூன்று பேர், வயது வந்த ஒரு மகள். அந்தக் குரல் மகிழ்ந்து போயிற்று. பெயரென்ன என்றது. ஆ நீ என்றாள் ரமணி. இருபது வருஷமாகக் கூப்பிடுகிற பெயர்தானே, அதிலென்ன பொய்? நான் ஆ பீ என்றது அந்தக் குரல். உன் ஹொக்கியனில் ஒரு மாதிரி இழுவை இருக்கிறதே, நீ தியோச்சு பேசுகிற சீனர் கூட்டமா என்று கேட்டது. நிபோங் திபாலில் நாங்கள் இப்படித்தான் பேசுவோம் என்றாள் ரமணி. அதுவும் பொய்யில்லை.

ஐந்து நாளில் நாலு தடவை பேசினார்கள். வீட்டு விஷயம் ஐந்து நிமிஷம், மீதி அரை மணி நேரம் ஊர்க்கதை. “சியாக் பா போய்?” என்று, சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் ஆ பீ பேச்சையே தொடங்குவாள். முட்டிவலிக்கு என்ன தேய்க்கிறாய் என்று கேட்பாள். நடுவில் ஒருநாள் கொஞ்சம் தயங்கி, வீட்டில் பன்றி சமைப்பீர்களா, எனக்கு அது ஒத்துக்கொள்ளாது என்றாள். நாங்கள் தொடுவதே இல்லை என்றாள் ரமணி, மாடும் சாப்பிடுவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். ஆ பீக்கு ஒரே சந்தோஷம். மாடு தின்னாத சீனர்கள் பினாங்கில் நிறைய, எல்லாரும் குவான் யின் தாயாருக்கு நேர்ந்துகொண்டவர்கள். இவள் அந்தக் கூட்டம் போல, பக்தியான குடும்பம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பன்றி ஒத்துக்கொள்ளாத ஆ பீயைப் பற்றி ரமணியும் அதையேதான் நினைத்தாள். வியாழக்கிழமை விரதம் என்று ஆ பீ சொன்னபோது அதுவும் சரியாகப் பொருந்திற்று. இந்த ஊரில் பன்றி வேண்டாம் என்கிறவர்கள் யார், மாடு வேண்டாம் என்கிறவர்கள் யார் என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த இரண்டு பெண்களுக்கும் தெரியவில்லை. காதில் விழுந்த ஹொக்கியன் அப்படிக் கண்ணைக் கட்டிவிட்டது.

மூன்றாவது பேச்சில்தான் ஆ பீ கேட்டாள், இருக்கிற ஊரை விட்டு ஏன் வருகிறாய் என்று. ரமணி சொன்னாள். பாலத்தைப் பற்றிச் சொன்னாள், காலை ஏழு மணியைப் பற்றிச் சொன்னாள், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது கையில் பிடித்திருந்த பூட்டைக் கீழே போட்டதைச் சொன்னாள். தமிழில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் ஹொக்கியனில் சொல்லி அழுதாள். ஆ பீ கடைசிவரை கேட்டாள். பிறகு, “வேறு யார் கேட்டாலும் நான் கொடுக்கப்போவதில்லை. வீடு உனக்குத்தான். அவரை மறுபடி அந்தப் பாலத்தில் ஏற விடாதே” என்றாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சாவி வாங்கிக்கொள் என்றாள்.

வெள்ளிக்கிழமை ரமணி நெற்றியில் பொட்டை வழக்கத்தைவிடப் பெரிதாகவே வைத்துக்கொண்டாள். மறைத்து வந்தவள் என்று நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாலே நாள். இந்த வீடு இல்லையென்றால் வேறு வீடு இல்லை.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கேட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். பனியன் தாத்தா தன் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் ஒரு கெரேத்தா வந்து, அதிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினாள். அறுபது வயதிருக்கும். பூப்போட்ட பாஜு குரோங் உடுப்பு, தலையில் துடோங் முக்காடு, மூக்கில் ஒற்றைக்கல். பார்த்ததுமே தெரிந்தது, நம்மூர்த் தமிழ் முஸ்லிம் அம்மாள். பொட்டையும் தோள்கட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொஞ்சம் சங்கடப்பட்டவள் மாதிரி தள்ளி நின்றுகொண்டாள்.

“அக்கா, வீடு பாக்க வந்தீங்களா?” என்று ரமணியே கேட்டாள்.

“இல்லம்மா. ஒருத்தவங்களுக்காக நிக்கிறேன்.”

“நாங்களும்தாங்க்கா.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் குடையை விரித்தாள். விரித்தவள் தான் மட்டும் நிற்க மனம் வராமல், “வெயில்ல வேகாதம்மா, கிட்ட வா” என்று ரமணியைக் குடைக்குள் இழுத்துக்கொண்டாள். ஒரே குடைக்குள் இரண்டு பேரும் தெருமுனையைப் பார்த்தபடி நின்றார்கள். பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. ஆ பீயைக் காணோம். ரமணி போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். யாரோ தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஆ பீயிடம் சொல்லிவிட்டார்களோ? பொறுக்க முடியாமல் போன் போட்டாள்.

குடைக்குள் போன் அடித்தது. அந்த அம்மாள் கைப்பையைத் துழாவி எடுத்துக் காதில் வைத்தாள்.

“வெய், ஆ நீ! எங்கே இருக்கிறாய்? நான் வாசலிலேயே நிற்கிறேனே!”

ஒரே வார்த்தைகள் ரமணியின் ஒரு காதில் போனிலிருந்தும் மறுகாதில் பக்கத்திலிருந்தும் விழுந்தன. மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாளும் திரும்பினாள். இரண்டு பேரும் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

“நீங்களா ஆ பீ?” என்றாள் ரமணி, போனில், ஹொக்கியனில்.

“நீயா ஆ நீ?” என்றாள் ஹபீபா பீவி. அதுதான் அவள் முழுப் பெயர். அந்தத் தெருவில் பிறந்தவள். பீவியில் பாதியை வைத்து அக்கம்பக்கத்துச் சீனப் பிள்ளைகள் கூப்பிட்ட ஆ பீ, கல்யாணமாகிச் சூலியா தெருவில் புருஷன் கடைக்கு மேலே குடி போன பிறகும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

சிரித்துவிடுகிற விஷயம்தான். யாராக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். ரமணிக்குச் சிரிப்பு வரவில்லை. உச்சந்தலைக்கு ஏறிவிட்டது கோபம். குடையை விட்டு வெளியே வந்தாள்.

“ஒன்பது பேர் இல்லை என்றார்கள். போனால் போகிறது, அவர்களுக்கு நாம் யாரோ என்று விட்டுவிட்டேன். நீங்கள் நம் ஆளாயிற்றே! நீங்களே இப்படி எழுதி ஒட்டுவீர்களா?” என்றாள். இவ்வளவும் ஹொக்கியனில். ஐந்து நாளாக அந்த அம்மாளிடம் மனதைத் திறந்த பாஷை அது, கோபமும் அதிலேயே வந்தது.

ஹபீபா பீவியும் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. “நீ மட்டும் என்ன? ஐந்து நாளாகச் சீனச்சி வேஷம் கட்டவில்லையா?”

“வேஷமா? ஒரே ஒரு பொய் சொன்னேனா, சொல்லுங்கள். நீங்கள் கேட்கவே இல்லை!”

பனியன் தாத்தாவின் கையிலிருந்த வாளியில் தண்ணீர் தீர்ந்துபோய் ரொம்ப நேரமாயிற்று. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தமிழ்ப் பெண்கள் தன் வாசலில் சுத்தமான ஹொக்கியனில் சண்டை போடுவதை அவர் எங்கே போய்ப் பார்ப்பார்? “ஆ பீ, இந்தப் பெண்ணுக்கே கொடு. உன்னோடு சரிக்குச் சரி பேச இந்தத் தெருவில் ஆளில்லாமல் எனக்குப் பொழுதே போகவில்லை” என்றார். “நீ சும்மா இரு” என்றாள் ஹபீபா பீவி அவரிடம்.

பிறகு அவள் குரல் இறங்கிற்று. பாஷையும் மாறிற்று.

“நம்ம ஆளுங்க மட்டம்னு எழுதல, கண்ணு. அல்லா மேல சத்தியமா இல்ல. முன்னாடி இதே வீட்டுல ஒரு தமிழ்க் குடும்பம் இருந்துச்சு. வந்த அன்னைக்கே அக்கான்னு கூப்புட்டா அந்தப் பொண்ணு. அவ்வளவுதான். அவ புள்ளைக்குக் காய்ச்சல்னா நான் தூக்கிட்டு ஓடுறேன். புருஷனும் பொண்டாட்டியும் சண்டன்னா நான் நடுவுல நிக்கிறேன். ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம அவ அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. ஒரு மாசம் எனக்குச் சோறு எறங்கல. சீனவங்ககிட்டன்னா வீட்டுக்காரியா இருந்துட்டுப் போயிடலாம். தமிழ்ல ஒருத்தி அக்கான்னா நான் வீட்டுக்காரி இல்ல, கூடப் பொறந்தவளாயிடுறேன். அதத் தாங்குற வயசு எனக்குத் தாண்டிப் போச்சு.”

ரமணிக்கு அது புரிந்தது. ஆனால் அவள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறவள் இல்லை.

“உங்க மனசு நோகும்னு எங்களுக்குக் கதவ அடைச்சுட்டீங்க. ஆ நீயோட புருஷன் பாலத்துல விழுந்தான்னு சொன்னப்ப வீடு உனக்குத்தான்னு சொன்னீங்க. அந்தப் புருஷன் இவருதான். சீனன் விழுந்தாத்தான் வலிக்குமா? ரமணி புருஷன் விழுந்தா வலிக்காதா?”

ஹபீபா பீவி குணாளனின் தோள்கட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

குணாளன் இவ்வளவு நேரமும் கேட்டில் சாய்ந்து நின்றிருந்தான். ஹொக்கியனில் நடந்தது அவனுக்குப் புரியவில்லை, தமிழில் நடந்தது போதுமான அளவு புரிந்துவிட்டது. அவன் சாதுதான். ஆனால் வேண்டாத இடத்தில் உட்காரச் சொன்னால் உட்காராத சாது. நிமிர்ந்து நின்றான்.

“ரமணி, வா போலாம். கெஞ்சி வாங்குற வீட்டுல எனக்குத் தூக்கம் வராது. ஒண்ணாந்தேதிலேர்ந்து நான் மோட்டார்லயே போய்க்கிறேன். ஒம்போது வருசம் போகலையா?” என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்து நடந்தான்.

“எங்க போறீங்க?” என்று ஒரு சத்தம் கேட்டது. தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். ஹபீபா பீவி குடையைக் கீழே போட்டுவிட்டு அவனுக்கு முன்னால் போய் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். “அந்தப் பாலத்துப் பேச்ச என் காதுல போடாதீங்க. சொல்லிட்டேன். ஒழுங்கா வீட்டுக்குள்ள வாங்க தம்பி!”

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். கை தானாக வாய்க்குப் போயிற்று. யாரும் கேட்கவில்லை, யாரும் அவளை அக்கா என்று கூப்பிட்டு மடக்கவும் இல்லை. அவள் வாயே முந்திக்கொண்டுவிட்டது. ரமணி அதைப் பார்த்தாள். ஐந்து நாளாக முகம் தெரியாமல் தன்னோடு சேர்ந்து கவலைப்பட்ட மனுஷி இவள்தான் என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. என்ன அருமையான மனுஷி!

“போச்சு” என்றாள் ஹபீபா பீவி. கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு. “தம்பின்னுட்டேன். இனிமே நான் எங்க வாடகைய ஏத்துறது?”

கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். ரமணி கையை நீட்டினாள். அவளிடம் கொடுக்கவில்லை. குணாளனிடம் நீட்டினாள்.

“நீங்களே போய்த் தொறங்க தம்பி. மொதல்ல அந்த மோட்டார் சாவிய எடுத்து இவகிட்டக் குடுங்க.”

குணாளன் திகைத்துப்போய் ரமணியைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, நல்ல கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டான். தொட மாட்டேன் என்று சொன்ன மோட்டாரின் சாவி அவன் பையில்தான் இருந்தது. இத்தனை நாளும், ஒவ்வொரு நாளும், அங்கேதான் இருந்திருக்கிறது. அதை எடுத்து ரமணியின் உள்ளங்கையில் வைத்தான். ரமணி விரல்களை இறுக மூடிக்கொண்டாள். நடுத்தெருவில், பனியன் தாத்தா பார்க்க, வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதாள்.